வா என்று சொன்னவள்

"வர்றேன்," என்றது சந்துப் பக்கமிருந்து ஒரு குரல்.

"வா," என்றாள் அவள், கைவேலையிலிருந்து கவனத்தை எடுக்காமல்.

சொல்லிவிட்டு, பிலிமைக் கம்பிச் சுருளில் இன்னும் ஒரு சுற்று ஏற்றிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்த அறையில் அவளைத் தவிர வேலை செய்ய ஆளே கிடையாது. இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

கை நின்றது. காது மட்டும் வேலை செய்தது. மூலையில் சொட்டுகிற குழாய், காற்றை வெளியே தள்ளுகிற பழைய விசிறியின் முனகல், மேலே கம்ப்யூட்டர் பிரிவில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே நல்ல பகல், மண்டையைப் பிளக்கிற வெயில். உள்ளே கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். சினிமாவில் காட்டுகிற அந்தச் சிவப்பு விளக்கெல்லாம் பிரிண்ட் போடுகிறவர்களுக்கு. பிலிம் கழுவுகிறவர்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. பிலிமைப் பெட்டியிலிருந்து உருவிவிட்டால் ஒரு பொட்டு வெளிச்சம்கூட ஆகாது. அறைக்குக் கதவே கிடையாது. கதவு என்று ஒன்று இருந்தால் எவனாவது திறந்து தொலைப்பான் என்று, கட்டினவர்கள் அதற்குப் பதில் ஒரு சந்து வைத்தார்கள். கருப்படித்த சுவர்கள், இப்படி ஒரு திருப்பம், அப்படி ஒரு திருப்பம், மறுபடி இப்படி ஒன்று. வெளிச்சத்துக்கு வளையத் தெரியாது, மனிதர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

அந்தச் சந்தில் ஒருவர் வர ஒருவர் போக, மண்டையோடு மண்டை மோதி மூக்கு வீங்கிய கதைகள் ஏராளம். அதனால் ஒரு வழக்கம் வந்தது. உள்ளே வருகிறவர் சந்தின் வாயில் நின்று 'வர்றேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கம் இருப்பவர் 'வா' என்றால் வரலாம், 'இரு' என்றால் நிற்க வேண்டும். வெளியே போவதென்றாலும் அதே கதைதான். பதில் வராமல் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. வயது, பதவி, மரியாதை எதுவும் அங்கே செல்லாது. முதலாளியே வந்தாலும் 'வா'தான். சொல்லிச் சொல்லி அது அவள் நாக்கில் ஊறிப்போய்விட்டது. வீட்டில் சமையலறைக்குள் நுழையும்போதுகூட 'வர்றேன்' என்று சொல்லிவிட்டுப் புருஷனிடம் கேலி வாங்கியிருக்கிறாள்.

அந்த ஊறிய நாக்குதான் இப்போது 'வா' என்று சொல்லியிருக்கிறது.

"அக்கா!" என்று கத்தினாள். "உள்ள வந்தியா?"

சந்துக்கு வெளியே, நடையில் போட்டிருக்கும் பெஞ்சிலிருந்து அக்காவின் குரல் அமுங்கி வந்தது. "இல்லடி, இங்கதான் உக்காந்திருக்கேன். ஏன், வரணுமா?"

"வேணாம், வேணாம். அங்கேயே இரு. நீ ஏதாவது சொன்னியா இப்போ?"

"நான் என்னத்தைச் சொன்னேன்? வாயைத் திறந்தா திட்டுவேன்னு நீதானே மிரட்டி உக்கார வச்சே."

"சரி சரி. ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லைதான். காது போட்ட வேஷம். மேலே எவனோ எவனையோ கூப்பிட்டிருப்பான். அப்படித் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு மிச்சப் பிலிமையும் சுருளில் ஏற்றினாள். நாள்பட்ட பிலிம், விறைத்துக்கொண்டு அடம்பிடித்தது. விளக்கைப் போட்டு ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டால் மனசு ஆறும். ஆனால் அதை மட்டும் செய்ய முடியாது. இந்தப் பிலிமுக்குள் குட்டி இருக்கிறாள்.

குட்டி அக்காவின் ஒரே பெண். போன வருஷம் ஏரிக்கு எல்லோரும் போனபோது தண்ணீரில் விழுந்தாள். அக்கா போட்ட துணியோடு பின்னாலேயே குதித்தாள். கரையில் இருந்தவர்களால் அக்காவை மட்டும்தான் இழுத்துப் போட முடிந்தது. குட்டி பிழைக்கவில்லை. அக்காவின் இடுப்பில் செருகியிருந்த போனும் பிழைக்கவில்லை. குட்டி பிறந்த நாளிலிருந்து எடுத்த அத்தனை படமும் அதற்குள்தான் இருந்தன. கடை கடையாக ஏறி இறங்கினார்கள். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் மிஞ்சியது பள்ளிக்கூட அட்டையில் ஒட்டிய, வெடுக்கென்று முறைக்கிற ஒரு சின்னப் படம். குட்டி அப்படி முறைத்து யாரும் பார்த்ததே இல்லை.

"சிரிச்சா ஒரு கன்னத்துல குழி விழுமே, எந்தக் கன்னம்டி?" என்று அக்கா ஒரு நாள் கேட்டாள். காய் நறுக்கிக்கொண்டே, ஏதோ கடைச் சாமான் விலை கேட்பது போலக் கேட்டாள். "வலது" என்று இவள் சொன்னாள். அக்கா கத்தியை வைத்துவிட்டாள். "நீ சொல்றே. எனக்கு ஞாபகம் வரல. பெத்தவளுக்கு ஞாபகம் வரலடி." அன்று அக்கா அழுத அழுகையை இவள் சாகும்வரை மறக்க மாட்டாள்.

பிறகுதான் அலமாரியின் அடியில் அந்தக் கேமரா கிடைத்தது. இவள் வேலை பார்க்கிற போட்டோக் கடையில் தூசி படிந்து கிடந்ததை, விளையாடட்டும் என்று பிலிம் போட்டுக் குட்டிக்குக் கொடுத்தது. பாதிப் படம் குட்டி எடுத்தது, பாதி குட்டியை அக்கா எடுத்தது. உள்ளே பிலிம் அப்படியே இருந்தது.

கழுவுவதற்கு இன்றைக்கு விட்டால் இடம் கிடையாது. நாளைக் காலையில் ஆட்கள் வந்து சந்தின் சுவரை உடைக்கப் போகிறார்கள். கோப்பையிலும் பனியனிலும் போட்டோ அச்சடிக்கிற பிரிவு இங்கே வருகிறது. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, கல்யாண வீட்டுச் சாப்பாட்டில்கூட மருந்து வாடை அடித்து, சனியன் ஒழிந்தது என்று தலைமுழுகத்தான் இருந்தாள். மாடியில் அவளுக்கு ஒரு கம்ப்யூட்டரும் ஜன்னல் ஓர நாற்காலியும் தயார். இந்த ஒரு சுருள் மட்டும் நல்லபடியாக முடிந்தால் போதும்.

மேஜையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே தொட்டிகளுக்கு வந்தாள். மூன்று தொட்டிகள். முதலில் டெவலப்பர், அது படத்தை வரவழைக்கும். நடுவில் வெறும் தண்ணீர். கடைசியில் ஹைப்போ, அது வந்த படத்தை நிலைக்க வைக்கும். ஹைப்போவில் ஊறி மணி அடித்த பிறகுதான் விளக்கு. அதற்குள் வெளிச்சம் பட்டால் குட்டி கன்னத்தோடு, குழியோடு, மொத்தமும் கரி. தொட்டிகளுக்கு மூடி இருந்த காலத்தில் மூடிவிட்டாவது வெளியே போகலாம். மூடிகளைப் போன வாரமே பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.

டைமரைத் திருகிவிட்டு, சுருளைக் கொக்கிக் கம்பியில் மாட்டி முதல் தொட்டியில் இறக்கினாள். தூக்கினாள், இறக்கினாள். பிலிமின் எல்லாப் பக்கமும் மருந்து படவேண்டும் என்றால் கை ஓயக் கூடாது. தூக்கும்போது சொட்டுகிற சத்தம், இறக்கும்போது தண்ணீர் வாங்கிக்கொள்கிற சத்தம், கூடவே டைமரின் டிக் டிக். பழகிய சத்தங்கள் என்பதால் மனசு கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது. அப்போதுதான் பிலிமைக் காயப்போட ஓரத்தில் வைத்திருந்த கிளிப் கைபட்டுக் கீழே விழுந்தது.

ஒரு கையால் சுருளைப் பிடித்துக்கொண்டு குனிந்து மறு கையால் தரையைத் துழாவினாள். ஈரம், மணல், குழாயின் வளைவு. கிளிப் அகப்படவில்லை. கை சலித்து உள்ளங்கையை ஒரு கணம் மல்லாத்தி வைத்தாள்.

உள்ளங்கையில் கிளிப் வந்து உட்கார்ந்தது.

விழவில்லை. உருண்டு வரவில்லை. மெதுவாக, தொலைந்த சாமானை எடுத்துக் கொடுப்பது போல யாரோ வைத்தார்கள்.

அவளுக்குக் கத்த வரவில்லை.  கை மட்டும் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தது. பழக்கத்துக்குப் பயம் தெரியாது.

பூனை அண்ணன், என்று நினைத்தாள். நினைத்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. பூனை அண்ணன் பல வருஷத்துக்கு முன்பு அவளோடு இந்த அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இருட்டில் எதிலும் இடிக்காமல் நடப்பதால் அந்தப் பெயர். கீழே எது விழுந்தாலும், சொல்லாமலே எடுத்துக் கையில் வைப்பார். அவர் செத்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. செத்தவராக இருந்தால் என்ன, நல்ல மனுஷன். கடைசிச் சுருள் என்று தெரிந்து உதவிக்கு வந்திருப்பார்.

"அண்ணே?" என்றாள் சின்னக் குரலில்.

 அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். இந்த அறையில் ஆளை அடையாளம் காண்பது முகத்தை வைத்து இல்லை, வாடையை வைத்து. பூனை அண்ணன் என்றால் தொண்டை மாத்திரையின் காரமும் பீடிப் புகையும். முதலாளி என்றால் தலைச்சாயம். மிக அருகில், அவள் தோளுக்கும் சுவருக்கும் நடுவில், யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். தோலில் தெரிந்தது. ஆனால் வாடை இல்லை. பீடி இல்லை, மாத்திரை இல்லை, வியர்வைகூட இல்லை. சுத்தமாக ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் பூனை அண்ணனைப் பற்றி வேறொன்று ஞாபகம் வந்தது. இரண்டு பேராக இருக்கும்போது அமைதியாக வேலை செய்கிற மனுஷன், தனியாக இருக்கும்போது மட்டும் தொண்டை கிழியப் பாடுவார். கர்ண கொடூரமாக இருக்கும். "கழுதை வந்து கேஸ் போடப் போகுது அண்ணே" என்று எத்தனையோ தடவை வெளியே நின்று கிண்டல் செய்திருக்கிறாள். அவர் சிரிக்க மாட்டார். பாட்டை நிறுத்தவும் மாட்டார், இவள் உள்ளே வரும்வரை.

எது காதில் விழாமல் இருக்க அவர் பாடினார்?

டிங் என்று மணி அடித்தது. துள்ளிவிட்டாள். சுருளைத் தூக்கி, சொட்டவிட்டு, நடுத் தொட்டியில் இறக்கினாள். இன்னும் ஒரே ஒரு தொட்டி. பயப்படாதே, கை நடுங்கினால் பிலிமில் கீறல் விழும். குட்டி முகத்தில் கீறல் விழும்.

அவளும் பாட ஆரம்பித்தாள். என்ன பாட்டு என்றெல்லாம் யோசிக்கவில்லை, வாயில் வந்தது. குட்டியைத் தூங்கவைக்கப் பாடிய, வார்த்தை பாதி இட்டுக்கட்டிய ஒரு ராகம். சத்தமாகவே பாடினாள்.

"என்னடி, பாட்டெல்லாம் பலமா இருக்கு?" என்று வெளியே அக்கா கேட்டாள். குரலில் சிரிப்பு இருந்தது. அக்கா சிரித்து எத்தனை நாளாயிற்று.

"சும்மாக்கா. இன்னும் கொஞ்ச நேரம்தான்."

மறுபடி பாட்டை எடுத்தாள். ஒரு அடி முடிந்து மூச்சு வாங்க நிறுத்தினாள்.

அடுத்த அடி தொடர்ந்தது.

மெல்லிய குரல். ஆணா பெண்ணா என்று தெரியாத, வாயில் துணியை வைத்துக்கொண்டு முனகுவது போன்ற குரல். வார்த்தைகள் சரியாக இல்லை, ராகம் மட்டும் சரியாக இருந்தது. பிறகு வார்த்தைகளும் சரியாக வரத் தொடங்கின. அவள் இட்டுக்கட்டிய வார்த்தைகள். அவளுக்கும் குட்டிக்கும் மட்டுமே தெரிந்தவை.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். அது பாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடியிலும் தொண்டை தெளிந்தது. ஒவ்வொரு அடியிலும் பழக்கப்பட்ட குரலாக ஆனது. எங்கோ கேட்ட குரல். பதிவு செய்த தன் குரலைப் போனில் கேட்டால், இதுவா நம் குரல் என்று கூச்சமாக இருக்குமே, அந்தக் கூச்சம்.

பாட்டு நின்றது.

ஹைப்போவுக்கு மாற்ற வேண்டும். தண்ணீரிலிருந்து சுருளை எடுத்தாள். தொட்டியின் விளிம்பில் கம்பி இடித்தது. பிறகு இறங்கியது. டைமரைத் திருகினாள். இது கடைசி. மணி அடித்ததும் விளக்கு. அவள் வலது கைக்கு எட்டுகிற தூரத்தில், சுவரில், சுவிட்ச்.

சட்டக், சட்டக்.

அவளுடைய இடது செருப்பில் வார் தளர்ந்திருந்தது. நடந்தால் அப்படித்தான் சத்தம் வரும். தைக்கக் கொடுக்க வேண்டும் என்று தினமும் நினைத்து தினமும் மறந்துபோவாள்.

சட்டக், சட்டக். மேஜையைச் சுற்றி நடந்தது.

அவள் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு அந்த வாடை வந்தது. ஒன்றுமில்லாமல் இருந்த இடத்திலிருந்து முதலில் லேசாக, பிறகு நன்றாக. காலையில் அவள் போட்டுக் குளித்த சோப்பு. நேற்றைய துணியின் வெயில் வாடை. அதற்கடியில் எத்தனை கழுவினாலும் போகாத மருந்து நெடி. அறையின் அந்தக் கோடியிலிருந்து அவளே அவள் மூக்குக்கு வந்துகொண்டிருந்தாள்.

விளக்கைப் போட்டுவிடு, என்றது மனசு. போட்டுவிட்டு ஓடு.

சுவிட்ச் வரை கை போனது. விரல் அதன் மேல் நின்றது. டைமர் ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தினால் குட்டி போய்விடுவாள். ஏரியில் ஒரு தடவை, இங்கே இரண்டாம் தடவை. வெளியே போய் அக்காவிடம் என்ன சொல்வது? பயந்துட்டேன்க்கா, அதனால விளக்கைப் போட்டுட்டேன். அக்கா குதித்தாள். நீச்சல் தெரியாத அக்கா குதித்தாள்.

விரலை எடுத்துவிட்டாள். கண்ணீர் வழிந்து வாயில் உப்புக் கரித்தது. என்னவோ பண்ணிக்கோ, என்று அந்த இருட்டைப் பார்த்து மனசுக்குள் சொன்னாள். மணி அடிக்கிற வரைக்கும் நான் போட மாட்டேன்.

செருப்புச் சத்தம் நின்றது. வாடை பக்கத்தில் வந்தது. அவளுக்கு நேர் எதிரே, தொட்டிக்கு அந்தப் பக்கம். யாரோ மூச்சுவிட்டார்கள். அவள் விட்டபோது விட்டார்கள். அவள் நிறுத்தியபோது நிறுத்தினார்கள்.

டிங்.

கொக்கிக் கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினாள். கம்பி இல்லை. தொட்டிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினாள். குளிர்ந்த ஹைப்போ. அடியில் வழுவழுப்பு. சுருள் இல்லை.

சொட்டுகிற சத்தம் கேட்டது. தொட்டியில் இல்லை, தரையில். சொட்டு. சட்டக். சொட்டு. சட்டக். சந்தை நோக்கிப் போனது. சந்தின் வாயில் நின்றது.

"அக்கா," என்றது அது. அவள் குரல். அவளுடைய களைப்பு, அவளுடைய சந்தோஷம், எல்லாம் அப்படியே. "முடிஞ்சுதுக்கா. வர்றேன்."

வேண்டாம். அவள் வாயைத் திறந்தாள். அக்கா, வேண்டாம், அது நான் இல்லை, சொல்லாதே. நாக்கு புரண்டது, உதடு அசைந்தது. காற்றுகூட வரவில்லை. தொண்டையில் இருக்க வேண்டியது தொண்டையில் இல்லை.

காலையில்தான் அக்காவுக்கு அந்த வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். "என்னடி இது, ராணுவம் மாதிரி" என்று அக்கா கேலி செய்தாள். ஆனாலும் கெட்டிக்காரி, ஒரு தடவை சொன்னால் மறக்க மாட்டாள்.

"வா!" என்றாள் அக்கா. "வா, வா, சீக்கிரம் வா!"

சட்டக், சட்டக். ஒரு திருப்பம். இன்னொரு திருப்பம். சுவர்கள் சத்தத்தை வாங்கி விழுங்கின.

அவள் சுவிட்சை அழுத்தினாள். டக் என்றது. வெளிச்சம் வரவில்லை. மறுபடி. டக். மறுபடி. விசிறி ஓடிக்கொண்டிருந்தது, மின்சாரம் இருந்தது. கண்ணுக்குத்தான் ஒன்றும் வரவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே சந்துக்குள் பாய்ந்தாள். வருஷக்கணக்காக நடந்த சந்து, தூக்கத்தில்கூட நடப்பாள். ஒரு திருப்பம். இன்னொரு திருப்பம். இன்னும் ஒன்று. இந்த இடத்தில் நடை வர வேண்டும், பெஞ்சு வர வேண்டும். கைக்கு மேஜையின் ஓரம் அகப்பட்டது. தொட்டியின் விளிம்பு. சொட்டுகிற குழாய்.

திரும்ப ஓடினாள். திருப்பம், திருப்பம், திருப்பம். மேஜை.

வெளியே அக்காவின் குரல் கேட்டது. அமுங்கித்தான் கேட்டது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"ஐயோ... என் செல்லமே... இதோ, சிரிக்கிறாடி! வெள்ளை கறுப்பு மாறியிருந்தாலும் நல்லாத் தெரியுது பாரு. என் தங்கம், என் தங்கம்." அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "குழியைப் பாருடி! இடது கன்னம்! நீ வலதுன்னு சாதிச்சியே?"

பிலிமின் பளபளக்கும் பக்கம் நம்மைப் பார்க்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் இடம் வலமாகிவிடும். இந்த வேலைக்கு வருகிற யாரும் முதல் நாளே கற்றுக்கொள்கிற விஷயம். திருப்பிப் பிடிக்கா, அது வலது, நம்ம குட்டிக்கு வலது கன்னம்தான், என்று அவள் இருட்டில் நின்று கத்தினாள். ஒரு சத்தமும் எழவில்லை.

"ஆமாக்கா," என்றது அவள் குரல் வெளியே. "நான்தான் மறந்துட்டேன்."

"போனாப் போகுது, விடு. நீ இல்லேன்னா இது எனக்குக் கிடைச்சிருக்குமா?" மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "கையென்னடி இப்படிச் சில்லுனு இருக்கு?"

"தண்ணியிலேயே நின்னேன்ல."

"சரி, வா, போலாம். மாப்பிள்ளை காத்துட்டு இருப்பாரு. இன்னிக்கு நான் சமைக்கிறேன், உங்க வீட்டுலயே எல்லாரும் சாப்பிடலாம்."

இரண்டு ஜோடிக் காலடி நடையில் நடந்து போயின. ஒன்று அக்காவுடையது. இன்னொன்று சட்டக், சட்டக். நடையின் கோடியில் கதவு சாத்துகிற சத்தம். யாரோ விசிறியை அணைத்தார்கள்.

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதாள், அழுவது அவளுக்கே கேட்கவில்லை. முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கியவள் அப்படியே நிறுத்தினாள். முழங்கை வரை ஹைப்போவில் விட்ட கை. மூக்கருகே கொண்டுவந்து மோந்து பார்த்தாள். உள்ளங்கை, விரல் இடுக்கு, புடவைத் தலைப்பு.

வாடையே இல்லை.

பிறகு எவ்வளவு நேரம் போயிற்று என்று சொல்ல இருட்டில் வழி கிடையாது. சந்தின் வாயில் போய் நின்று 'வர்றேன்' என்று சொல்லிப் பார்த்தாள். அந்த ஒரு வார்த்தை மட்டும் வந்தது. வாயில் துணியை வைத்துக்கொண்டு முனகுவது போல வந்தது. வா என்று சொல்ல அந்தப் பக்கம் யாரும் இல்லை. வர்றேன். வர்றேன். யாராவது ஒருவர் வேலை நினைப்பில், யோசிக்காமல், ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். ஆனால் இனிமேல் யார் இங்கே பிலிம் கழுவ வரப்போகிறார்கள்?

கடைசியில் சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள். வாளி வைக்கிற சத்தம், கடப்பாரையைத் தரையில் சாய்க்கிற சத்தம், யாரோ இருமினார்கள். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயை அதில் வைத்தாள்.

"வர்றேன்."

"ஏய், நில்லு," என்றான் ஒருவன். "உள்ள ஏதோ குரல் கேட்ட மாதிரி இல்ல?"

"எனக்கும் கேட்டுச்சுப்பா. அம்மா, உள்ள யாராவது இருக்காங்களா?"

சட்டக், சட்டக் என்று நடந்து வந்து, சுவருக்கு மிக அருகில் வந்து, அது நின்றது. சுவரைத் தாண்டி சோப்பு வாடை அடித்தது.

"யாரும் இல்லீங்க," என்றது அவளுடைய குரல். "நேத்தே எல்லாத்தையும் எடுத்தாச்சு. நீங்க உடைங்க."

முதல் அடி விழுந்தது. இரண்டாம் அடியில் ஒரு செங்கல் உள்ளே பெயர்ந்து விழுந்தது. அந்த ஓட்டை வழியாக, விரல் தடிமனில், வெயில் உள்ளே வந்தது. தொட்டியின் விளிம்பில் விழுந்து, தரையில் இறங்கி, அவள் நின்ற இடத்தை நோக்கி நீண்டது. அவள் மூலையில் ஒடுங்கினாள். ஹைப்போவில் ஊறி நிலைக்காத எதுவும் வெளிச்சத்தில் என்ன ஆகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

"நல்லா ஓங்கி அடிங்க," என்றது வெளியே அவள் குரல். பிறகு அந்தத் தாலாட்டை மெதுவாகப் பாட ஆரம்பித்தது.